நாற்பத்தொன்றாம் தொட்டி

க்ரூயெட்ஸில் அக்டோபர். ஆறு மணிக்கே இருட்டு.
கிடங்கின் தண்ணீர் வாய்க்காலில்
ஆப்பிள்கள் மிதந்து வருகின்றன,
ஞாயிறு பூசை முடிந்து கலையும் கூட்டம்போல
ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொண்டு.

என் கண்ணுக்கு எல்லாமே நல்ல பழம்.
காமிராவுக்கு அப்படியில்லை.
அது தோலின் பேச்சைக் கேட்பதில்லை.
ஒரு கணம் அகச்சிவப்பில் நனைத்து
உள்ளே ஈரம் கசிந்த இடத்தைக்
கறுப்பாய்க் காட்டிவிடும்.
நேற்றுப் பட்ட அடி அது.
வெளியே பழுப்பாக
இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

கனிந்தது, கன்றியது.
சொல்லில் எவ்வளவு பக்கம்!
விலையில், கிலோவுக்கு ஒன்றரை ஸ்லோட்டி தூரம்.
கன்றியது சாற்று ஆலைக்கு.
காற்றுக்குழாய் ஊதித் தள்ளும்:
டப்.

இரவு பத்து இருபது. நாற்பத்தொன்றாம் தொட்டி.
டப் டப் டப் டப் டப்
யாத்விகா காதடைப்பானைக் கழற்றிவிட்டு ஓடிவந்தாள்.
லென்ஸைத் துடை என்றாள். துடைத்தேன்.
விளக்கைப் பார் என்றாள். எரிந்தது.
படங்களை நிறுத்திப் பெரிதாக்கினோம்.

விழுந்த பழத்தில் அடி வட்டமாய் இருக்கும்.
கிளை உரசினால் கோடு.
இதில் நான்கு புள்ளிகள், எதிர்ப்புறம் ஒன்று.
கை.
எல்லாப் பழத்திலும் அதே கை,
கட்டைவிரல் மட்டும் ஆழமாக.

தொட்டிச் சீட்டில் பெயர் இருந்தது: ஓஸ்தாப்.
உணவறையில் என் எதிரே உட்கார்பவன்.
தேநீர்க் கோப்பையை
கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பிடிப்பான்.
விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை என்று
உப்பை நகர்த்தும்போது ஒருமுறை சொன்னான்.
எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை.
தொட்டது தெரியாத விரல்
இறுக்கித்தானே பிடிக்கும்,
நழுவிவிடுமோ என்று.

காலை ஆறுக்கு அறிக்கை தானாகவே மேலே போகும்:
தொட்டி எண், பறித்தவர் பெயர்,
கன்றல் அறுபத்து மூன்று சதவீதம்.
குறிப்பு எழுத ஒரு சிறு கட்டம்.

'லென்ஸில் அழுக்கு என்று போடு.'
'துடைத்துவிட்டோமே.'
'துடைப்பதற்கு முன்னால் என்று போடு.'

தள்ளுபடிக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து
சட்டையில் தேய்த்து,
அந்தக் கட்டைவிரல் இருந்த இடத்திலேயே கடித்தாள்.
நல்லாத்தான் இருக்கு என்றாள், வாய் நிறைய.

விசைப்பலகையில் கை வைத்தேன்.
நாற்பத்திரண்டாம் தொட்டி சாய்ந்தது,
பழங்கள் தண்ணீரில் இறங்கின.
அதுவும் அவனுடையதுதான்.