எட்டுக் குதிரைகள்

ஏழு நாள் பயணத்தில்
ஒரு நாளும் என் வீட்டு வாசல்
கண்ணை விட்டு மறையவில்லை.
காசல்ரீத் தண்ணீர் அவ்வளவுதான்.
கரையோடு வளைந்தோடும் நோர்வூட் பஸ்ஸுக்கு
அரைமணி நேரம்.
பெனடிக்டின் போட்டுக்கு ஒரு கிழமை.

நீளம் இருபத்தாறு அடி.
அகலம், எதிரெதிரே இருவர் உட்கார்ந்தால்
முழங்கால் இடிக்கும்.
நீலத் தறப்பாள் கூரை, மண்ணெண்ணெய் அடுப்பு,
எட்டுக் குதிரை வலு என்று
பெருமையடிக்கும் மோட்டர்.
"அதில ஆறு குதிரை லீவுல போயிருக்கு" என்றான் ரிஸ்வி
முதல் வளைவு திரும்புமுன்னே.
கொழுந்து நிறுக்கப் போன பெண்கள்
நிறைந்த சாக்கோடு கரையில் எங்களை முந்தினார்கள்.
"கயிறு இருந்தா வீசுங்க,
இழுத்துட்டுப் போறோம்!"

நாய்க்குப் பெயர் செக்ரோல்.
விடிந்ததும் ஒவ்வொரு போர்வையாய் மூக்கால் கிளப்பி
பேர் போடும்.
பெனடிக்ட், லூர்து, ரிஸ்வி, மல்காந்தி, நான்.
ஐந்தும் சரியென்றால்தான்
கரைக்குத் தாவிக் காலைத் தூக்கும்.
அரைப்பேர் போடத் தெரியாது அதற்கு.

நாங்கள் நால்வர் ஒரே வகுப்பு.
மல்காந்தி பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடம்,
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து
மாங்காய்க்கு உப்பு கேட்டு வந்தவள்,
திரும்பிப் போகவில்லை.
இப்போது எங்கள் கணக்கில்
ஐந்து மூக்குக்கண்ணாடி, லூர்துவின் கட்டுப்பல்,
ரிஸ்வி நெஞ்சுக்குள் இரண்டு கம்பிச்சுருள்.

செவ்வாய் ராத்திரி மழை.
தறப்பாள் தொப்பையைத் தும்புத்தடியால் குத்த
முழுத் தண்ணீரும் பருப்புச் சட்டியில்.
"சூப்" என்றாள் மல்காந்தி.
குடித்தோம்.
தூரத்தில் சிவனொளிபாதமலைக்கு ஏறும் விளக்குகள்
ஒருமுறை தெரிந்தன,
பிறகு மூடுபனி கதவைச் சாத்திக்கொண்டது.

சண்டையெல்லாம் சீட்டுக்குத்தான்.
முந்நூற்றிநாலு ஆட நாலு பேர் போதும்.
ஐந்தாமவர் யார், தேங்காய் துருவப் போவது யார்?
துரும்பை ஒளித்தவள் லூர்து,
கண்டுபிடித்தவன் அவள் புருஷன்.
புதன்கிழமை பகல் முழுக்க
இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசினார்கள்,
ஓரடி இடைவெளியில்.

வியாழன் காலை போன் வந்தது.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஆளில்லை,
மல்காந்தி போக வேண்டும்.
ஈரச் செருப்பைக் கையில் பிடித்தபடி
சேற்றில் இறங்கி மேலே ஏறினாள்.
பஸ் வந்தது.
நாங்கள் மூன்று நாளாய்க் கடந்த வளைவுகளை
அவள் பத்து நிமிடத்தில் கடந்தாள்.
வளைவுக்கு வளைவு ஜன்னலில் ஒரு குடை ஆடியது,
வளைவுக்கு வளைவு அணியத்தில் நின்று
செக்ரோல் குரைத்தது.

அன்று இரவு சரியாக நாலு பேர்.
துருவத் தேங்காயும் இருந்தது,
சீட்டுக்கட்டும் இருந்தது.
ஒருவரும் கலைத்துப் போடவில்லை.
ரிஸ்வி வானொலியைத் திருகினான்,
மலைக்கு நடுவில் இரைச்சல்தான் பிடித்தது,
அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

வெள்ளி காலை நாய் எண்ணியது.
நாலு.
மறுபடி முதலிலிருந்து எண்ணியது.
என் காதுக்குள் ஈர மூக்கை வைத்துக் கேட்டது.
கரைக்குப் போகவில்லை.
பத்து மணி, பதினொன்று,
வயிற்றை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது.
தாங்க முடியாமல் லூர்து
மடித்து வைத்த ஐந்தாவது போர்வையை
விரித்துப் போட்டாள், அவள் படுத்த இடத்திலேயே.
முகர்ந்தது.
எங்கள் முகத்தை ஒருதரம் பார்த்தது.
பிறகு போட்டது, வாழ்நாளில் முதல்முறை,
ஒரு கள்ளப்பேர்.

ஞாயிறு, கரைக்கு நாற்பது யார் இருக்கையில்
மிச்ச இரண்டு குதிரையும் படுத்துவிட்டன.
சட்டி மூடியால் துடுப்புப் போட்டோம்.
என் வாசலில் மகன் நின்று
சிரிக்கிறானா திட்டுகிறானா என்று
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.