பன்னிரண்டு, பதின்மூன்று

வாங்கிய அன்றே கையேட்டின் நாற்பது பக்கமும் படித்தேன்.
அதில் இல்லாதது ஒன்றுதான்:
முதல் மூன்று மாதம்
பீர் மூடி தவிர வேறெதுவும் கிடைக்காது என்பது.

ரென்ன துறைமுகத்துக் கப்பலில் சமையல் வேலை எனக்கு.
ஒரு வாரம் கடல், ஒரு வாரம் தீவு.
தீவில் இருக்கும் வாரமெல்லாம்
எஸ்கிலின் பார்லி வயல்.
அறுத்த தாள் கணுக்காலைக் கீற
தட்டை இடம் வலமாக வீசி நடப்பேன்,
தரையில் படாமல், தரையை விட்டும் விலகாமல்.
அடிபிடிக்காமல் சூப்பைக் கிளறும் அதே மணிக்கட்டு.

இரும்புக்கு உறுமும்.
எண்பதுக்கு மேல் மணியடிக்கும்: வெள்ளி,
அல்லது யாரோ வீசிய செம்புக் குழாய்.
வம்பெல்லாம் கீழே இருக்கிறது,
பன்னிரண்டு, பதின்மூன்றில்.
சாக்லேட் தாளுக்கும் அந்த எண்தான்,
எண்ணூறு வருஷத்து மெல்லிய காசுக்கும் அந்த எண்தான்.
தோண்டாமல் தெரியாது.
தோண்டினால், சாக்லேட்.

பேட்டரி மூடி போன குளிர்காலத்தில் உடைந்தது.
கீரைக் கட்டின் சிவப்பு ரப்பர் வளையம் அதைப் பிடித்திருக்கிறது.
மழையில் திரைக்குள் வேர்க்கும்.
ஆனாலும் விற்க மனமில்லை.
நான் சொல்லி யாரும் இத்தனை முறை
குனிந்து பார்த்ததில்லை,
அது சொல்லி நான் குனிகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் யுட்டெ கூப்பிட்டாள்.
"புதையல் இல்லை. எஸ்கிலின் காது."
வைக்கோல் கட்டிய அன்று தொப்பியைக் கழற்றியிருக்கிறார்,
வலது காதின் கருவி எங்கோ விழுந்துவிட்டது.
எட்டு ஹெக்டேர்.
"மூன்று வாரமாக நான் கத்துகிறேன், அவர் தலையாட்டுகிறார்.
ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரே ஆட்டல்."

இடது காதுக் கருவியைக் கடன் கேட்டேன்,
எந்த எண் என்று பார்க்க.
கழற்றித் தந்துவிட்டு முற்றத்தில் நின்றார்,
மொழி தெரியாத ஊரில் ரயிலுக்குக் காத்திருப்பவர் போல
எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி.
புல்லில் வைத்து வீசினேன்.
பன்னிரண்டு. பதின்மூன்று.
வேறென்ன வரும்?

கயிறு கட்டிப் பட்டை பட்டையாகப் பிரித்தேன்.
முதல் நாள் தாள், தாள், ஒரு பொத்தான், தாள்.
இரண்டாம் நாள் மழை.
மூன்றாம் நாள் மதியம் ஒரு சாண் ஆழத்தில்
பாதியாக வெட்டிய வெள்ளிக்காசு,
கண்ணுக்கு இரண்டு புள்ளி வைத்த ஒரு ராஜா.
இதற்காகத்தான் இரண்டு வருஷம் நடந்தேன்.
சத்தியமாகச் சொல்கிறேன், வாயில் வந்தது:
"சீ, நீ இல்லை."
மாத்திரை டப்பாவில் போட்டு மூடி
அடுத்த பட்டைக்குப் போனேன்.

நான்காம் நாள், வயலின் ஓரத்தில்,
அவர் எப்போதும் சிறுநீர் கழிக்க நிற்கும் கல்வேலியருகே.
தோண்டவே வேண்டியிருக்கவில்லை.
வைக்கோல் மேல் கிடந்தது,
பனியில் நனைந்து, உள்ளே ஒரு எறும்போடு.

யுட்டெ துடைத்தாள், உலர்த்தினாள், புது பேட்டரி போட்டாள்.
எஸ்கில் காதில் செருகிய நேரம் பார்த்து
நாய் வாலால் இடித்து, என் கருவி
அவருடைய இரும்பு முனை பூட்ஸ் மேல் சரிந்து உறுமியது.
முகம் சுளித்தார்.
மூன்று வாரம் கழித்து அவர் சொன்ன முதல் முழு வாக்கியம்:
"அந்தச் சனியனை அணை."

அணைத்தேன்.
காசு அருங்காட்சியகத்துக்குப் போகும், இங்கே சட்டம் அப்படி.
ஏதாவது கடிதம் வரும்.

உள்ளேயிருந்து, கத்தாமல்,
பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே
காபி வேணுமா என்றாள் யுட்டெ.
"கொஞ்சம்" என்றார்.