மூணு பட்டை

அருகு என்றுதான் நினைத்தேன், முதல் வாரம்.
காளப்பட்டியில் வீட்டு முன்னால் புல்தரை போட்டு
நாற்பது நாள்.
வெட்டிய மறுநாளே
மற்றதைவிட இரண்டு விரற்கடை உயர்ந்து
பளபளவென்று நின்றது.

தண்டைக் கிள்ளி விரலிடுக்கில் உருட்டினேன்.
உருளவில்லை. மூணு பட்டை.
கோரை.

இழுத்தால் சுகமாக வரும், அதுதான் அதன் சூது.
கிழங்கு கீழே தங்கிவிடும்.
பறித்த இடத்தில் ஒரு கிழமைக்குள் நாலு.

மருந்துக்கடை சென்னியப்பன் பாட்டிலைக் காட்டினார்:
"கோரைக்குக் கேக்குமுங்க.
கூடவே புல்லும் செத்துப்போச்சுன்னா
என்னையக் கேக்கப்படாது."
வாங்காமல் வந்தேன்.

களைக்கொத்தால் தோண்டத் தோண்ட
கிழங்கிலிருந்து நரம்பு, நரம்பின் முனையில் கிழங்கு,
கறுப்பு மணி கோத்த மாதிரி
காம்பவுண்டுச் சுவர்வரைக்கும்.
பிறகு சுவருக்கு அடியில்.

அந்தச் சுவரில் ஒன்றரை அங்குலம் தன்னதென்று
துளசிமணி சர்வேயரைக் கூட்டிவந்து மூன்று வருசம்.
அதிலிருந்து பேச்சில்லை.

எட்டிப் பார்த்தேன்.
கொத்தும் கையுமாய்க் குந்தியிருந்தாள்,
ஒரு தண்டை விரலில் உருட்டியபடி.
"உங்க பக்கமிருந்துதானுங்க வருது."
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

வியாழக்கிழமை, வெயிலுக்கு முன்னால்,
இரண்டு பக்கமும் சேர்ந்து தோண்டினோம்.
ஒன்றரைப் படி இருக்கும் கிழங்கு.
சாக்கு மட்டும் தனித்தனி.

மழை பெய்து பதினோராம் நாள்
சுவரோரம் மூன்று இலை.
"துளசிமணி!" என்றேன்.
"இங்கயுந்தானுங்க" என்றாள்.