ஜூன் மாத இருட்டு

மூன்று வாரம் பிடித்தது எனக்கு.
கூடாரத்தின் உயரம் ஒரு மீட்டர் இருபது.
ஐந்து வயது எய்லிஃப் நிமிர்ந்து நிற்கலாம்.
ஒன்பது வயது டூவா குனிய வேண்டும்,
அதற்கு அவள் என்னை மன்னிக்கப்போவதில்லை.

மஞ்சள் கோடு போட்ட துணி.
உள்பக்கம் முழங்கால் உயரத்தில் பைகள் தைத்தேன்:
கைவிளக்குக்கு, கூழாங்கற்களுக்கு,
பாதி தின்ற பிஸ்கட்டுக்குக்கூட ஒன்று.
எப்படியும் எங்காவது ஒளித்துவைப்பார்கள்,
நாமே இடம் கொடுத்துவிடுவது நல்லது.
தரையில் ஆட்டுத்தோல் இரண்டு.
உச்சியில் நாற்பது குட்டி விளக்குகள் கோத்த சரம்.
'குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்' என்று
அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.
எந்தக் குழந்தைகளுக்கு என்று போடவில்லை.

இவர்கள் ஈவரின் பிள்ளைகள்.
எனக்கு அவர்கள் என்ன முறை என்பதற்கு
வீட்டில் யாரும் இன்னும் சொல் தேடவில்லை.
ட்ரோம்ஸோவிலிருந்து அவர்களின் அம்மா கொண்டுவந்து விட்டாள்,
காரின் இஞ்சினை அணைக்காமலே.

எங்கள் செனியா தீவில்
ஜூன் மாதம் சூரியன் மறைவதில்லை.
கடலின் விளிம்பு வரை வரும்,
செருப்பை மாட்டிக்கொண்டும் கிளம்ப மனமில்லாத
விருந்தாளியைப் போல் அங்கேயே நிற்கும்,
பிறகு திரும்பி உள்ளே வந்துவிடும்.

இரவு பதினொன்றுக்குக் கண்களை மூடச் சொல்லி,
ஒன்று இரண்டு மூன்று எண்ணி,
சரத்தைப் போட்டேன்.
வெயில் கூடாரத்துக்குள் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது.
"எரியுதா?" என்றான் எய்லிஃப், மரியாதையாக.
அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

டூவா சுற்றிலும் பார்த்தாள்,
வீடு வாங்க வந்தவள் மாதிரி.
"வெளிச்சம் ஏற்கெனவே நிறைய இருக்கு.
இருட்டு எங்கே வச்சிருக்கீங்க?"

வைக்கவில்லை.
இருட்டுக்கு ஒரு பை தைக்க
எனக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு அவள் சொன்னாள், நான் செய்தேன்.
எங்கள் படுக்கையறைக் கறுப்புத் திரையைக் கழற்றினோம்,
"அப்போ நான் எப்படித் தூங்குறது?" என்று
மாடியிலிருந்து ஈவர் கேட்டது காற்றோடு போனது.
படகின் தார்ப்பாயை இழுத்துவந்தோம்,
டீசலும் காட் மீனும் நாறியது,
நாறட்டும் என்றாள்.
போதாத இடத்துக்குக் குப்பைப் பைகள், பதினொன்று.
துணிக் கிளிப்புகள் தீர்ந்ததும்
அவள் தலையிலிருந்தே இரண்டு வந்தன.
வாசலைத் தாழ்த்தச் சொன்னாள்.
என் தோளை நூலால் அளந்து,
அதைவிட ஒரு விரல் குறைத்தாள்.
பெரியவர்கள் வரலாம், ஊர்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டு.

எனக்குள் இருந்த அலங்காரக்காரி இன்னும் அடங்கவில்லை.
"பின்னல் ஊசியால் குத்தட்டுமா?
ஒவ்வொரு ஓட்டையும் ஒரு நட்சத்திரம்..."
"நட்சத்திரம் செப்டம்பர்லதான்," என்றாள் டூவா.
விஷயம் முடிந்தது.

"எனக்கு ஒண்ணு," என்றான் எய்லிஃப்.
"ஒண்ணே ஒண்ணு. இங்கே."

படுத்தபடி கண் வைத்தால்
சாலை தெரியும் இடம்.
படகுத்துறையிலிருந்து கார்கள் ஏறிவரும் வளைவு.
நான் எதுவும் கேட்கவில்லை.
ஊசியை அவன் கையிலேயே கொடுத்தேன்.

நள்ளிரவு தாண்டி ஒன்று, ஒன்றரை.
மீன் காயப்போடும் மரச்சட்டங்களில் மீன் இல்லை,
கடற்காகங்கள் மட்டும்.
உள்ளே ராத்திரி.
பேசுவது கேட்கிறது, சிரிப்பு கேட்கிறது,
யாரோ யாரையோ உதைப்பது கேட்கிறது.
வெளியே நான்,
மடியில் நாற்பது விளக்குகள்,
எரிகின்றனவா என்று கையைக் குவித்துப்
பார்க்க வேண்டியிருக்கிறது.

தார்ப்பாய் அசைந்தது.
ஓட்டைக்குள்ளிருந்து ஏதோ முட்டியது.
பிஸ்கட்.
ஓட்டைக்கு அது பெரியது,
அவனுக்கு அது புரியவில்லை, தள்ளிக்கொண்டே இருந்தான்.
தூளாக, தூளாக
என் பக்கம் உதிர்ந்தது.

உள்ளங்கையை அடியில் வைத்துக்கொண்டேன்.