அட்டைக் காசோலை

பதினொரு டாலர் நாற்பது சென்ட்.
வீட்டுக்கு, மாதத்துக்கு.
மன்றத்தில் அந்த எண்ணை வாசித்தபோது
மடக்கு நாற்காலிகள் எல்லாம் கிரீச்சிட்டன.
"பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறீர்கள்" என்றார்
சலவைக்கடை வெர்லின் ஸ்டூக்கன்ஹோல்ட்ஸ்.
"தண்ணீருக்குத்தானே" என்றாள் எழுத்தர் ஆர்டித்,
தலை நிமிராமல்.

நான் பேசவில்லை.
பழைய நிலையத்தை ஓட்டுகிறவன் நான்.
இருபத்திரண்டு வருடமாக
விடிகாலை நாலரைக்கு ஒரு குப்பியில்
இந்த ஊரைப் பிடித்து
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கிறவன்.

நைட்ரேட் கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும்.
நெப்ராஸ்காவின் சோளம் தின்று மிச்சம் வைத்த உரம்
மண்ணுக்குள் இறங்கி இறங்கி
மூன்றாம் கிணற்றுக்கு வந்து சேர
நாற்பது வருடம் ஆனதாம்.
அவசரமே இல்லாத விருந்தாளி.

பத்து என்பது எல்லை.
மார்ச்சில் பதினொன்று புள்ளி இரண்டு.
அன்றிரவு அறுநூற்றுச் சொச்சம் கதவுகளில்
நானும் என் மகனும் ஒட்டினோம்:
கைக்குழந்தைக்கு இதில் பால் கலக்காதீர்.
கொதிக்க வைக்காதீர், கொதித்தால் கூடும்.
அந்தக் கடைசி வரியை யாரும் நம்பவில்லை.
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
குவாதலூப்பே ஒர்னெலாஸ்
சீட்டை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கேட்டாள்:
"நேற்றுக் கொடுத்ததற்கு என்ன செய்வது?"
அதற்கு என்னிடம் படிவம் இல்லை.

ஒன்பது வருடமாய் மாநிலம் எங்களுக்குத்
தண்ணி காட்டியது.
படிவம், திருத்திய படிவம்,
திருத்தியது ஏன் என்று ஒரு விளக்கம்.
ஆட்கள் போதாது என்றார்கள்.
பிறகு, வருமானம் அதிகம் என்றார்கள்.
பன்றி ஆலை மூடிய வருடம் அது சரியாகிவிட்டது.

கடைசியில் வந்தது:
அறுபது பங்கு மானியம், நாற்பது கடன்,
அடைத்து முடிக்க முப்பது வருடம்.
எனக்கு அப்போது எண்பத்தொன்று.

நான்குக்கு இரண்டு என்று நிறைவேறியது.
எதிர்த்துக் கை தூக்கிய வெர்லின்
வெளியே என் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.
"எனக்குப் பதினொன்று நாற்பது இல்லை, தெரியுமா?
இருபத்தாறு இயந்திரம். எண்ணூறு."
அதுவும் நிஜம்தான்.

செப்டம்பரில் தலைநகரிலிருந்து ஒரு பெண்
ஆறடி அட்டைக் காசோலையோடு வந்தாள்.
ஆளுக்கொரு ஓரம் பிடித்தோம், படம் எடுத்தார்கள்.
ஏற்றி வந்த வேன் முன்னமே போய்விட்டது,
அவள் காருக்குள் அது நுழையவில்லை.

இப்போது வடிகட்டி அறையின்
உடைந்த ஜன்னலை அடைத்து நிற்கிறது,
எண்கள் உள்பக்கம் பார்த்தபடி.
காற்று அடித்தால்
ஏழு மில்லியன் படபடக்கிறது.
நிஜப் பணம் இன்னும் வரவில்லை.
வெளியே புல்லில், தோண்டப்போகும் இடத்தைச் சுற்றி
ஆரஞ்சுக் கொடிகள் நட்டிருக்கிறார்கள்.

நாலரை. குப்பி நிரம்புகிறது.
மூன்றாம் கிணறு: ஒன்பது புள்ளி எட்டு.
இன்றைக்குக் குடிக்கலாம்
என்று எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் வைக்கிறேன்.