ஒன்றரை மடங்கு

என் பங்கு ஒரு தாங்கி.
இடது இறக்கையின் இருபத்தேழாம் விலாவில்
எரிபொருள் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும்
தொள்ளாயிரம் கிராம் அலுமினியம்.
மூன்று வருடம் அதைத்தான் கணக்குப் போட்டேன்
திருப்பனந்தாளில், மாடி அறையில்,
இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கும் என்ற தைரியத்தில்.

"பிளேன் செய்றீங்களாமே" என்பார் பால்காரர்.
ஆமாம் என்பேன்.
உள்ளங்கையளவு பிளேன்.

முழுசாக அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.
முந்நூற்றைம்பது பேர், இரண்டு நடைபாதை,
பதினேழு மணி நேரம் தரை தொடாத வயிறு.
விடியலில் அது கிளம்புகையில் இங்கே நாற்றுப் பறிக்க இறங்கியவர்கள்
நட்டு, கரையேறி, குளித்து, சாப்பிட்டு, படுத்து
முதல் தூக்கம் கலைந்து தண்ணீர் குடிக்கையிலும்
அது இன்னும் கடல்மேல் இருக்கும்.

தூரம் போக எண்ணெய் வேண்டும்.
எண்ணெயைத் தூக்கிப் போக இன்னும் எண்ணெய் வேண்டும்.
கூட்டுறவு வங்கி வாசலில் நிற்கிறவர்களுக்கு
இதை நான் விளக்க வேண்டியதில்லை.
அதனால்தான் என்னிடம் கேட்டார்கள்
நாற்பது கிராம் குறைக்க முடியுமா என்று.
ஒரு துளையைப் பெரிதாக்கினேன், ஓர் ஓரத்தை வளைத்தேன்.
நாற்பது கிராமுக்கு ஏழு வாரம்.

ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி
கொள்ளிடத்தில் ஒன்றே முக்கால் லட்சம் கனஅடி வந்த இரவு
அமிர்தகடேசன் அணைக்கரைக்குக் கீழே கரையில் நின்றான்.
நீர்வளத்துறை உதவிப் பொறியாளன், என் கணவன்.
மணல் மூட்டை, சவுக்குக் கழி, நான்கு டார்ச்.
அதே இரவு, எங்கோ குளிர்தேசத்துக் கொட்டகையில்,
ஒருநாளும் பறக்கப் போகாத ஒரு விமானத்தின் இறக்கையைக்
கம்பி பூட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
ஆயுளில் ஒருமுறை அடிக்கக்கூடிய காற்று, அது நூறு.
அதில் ஒன்றரை மடங்கு ஏற்றி மூன்று நொடி நிறுத்த வேண்டும்.
அதற்கு அப்புறம், உடையும்வரை.

மடிக்கணினியில் இறக்கை. காதில் அவன்.
"கரைக்குப் பின்னால ஊத்து எடுக்குது."
கலங்கலா, தெளிவா?
"இப்போதைக்குத் தெளிவுதான்."
நூற்றுப் பத்து.
"ரெண்டடி பாக்கி இருக்கு."
நூற்று முப்பது. இறக்கையின் நுனி
நிமிர்ந்து நிமிர்ந்து ஆறு மீட்டர் ஏறியிருந்தது.
"ஒன்றேமுக்கால் அடி."
நூற்றைம்பது. ஒன்று, இரண்டு, மூன்று.
யாரும் பேசவில்லை. மேலும் இழுத்தார்கள்.

நூற்று ஐம்பத்து மூன்றில்
வெடிச் சத்தம். கொட்டகை முழுக்கத் தூசி.
பதினோரு ஊர்களிலிருந்து கைதட்டல் வந்தது,
நானும் தட்டினேன், தனியறையில், பைத்தியக்காரி மாதிரி.

"என்ன சத்தம்?" என்றான்.
"உடைஞ்சிடுச்சு!" என்றேன்.

காதில் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
நான் எண்ணவில்லை. மூன்று நொடி இருக்கும்.
"எந்த இடத்துல?"
அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இறக்கைடா, இறக்கை என்றேன்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.
அழுதானோ சிரித்தானோ, போனை வைத்துவிட்டான்.

காலையில் தண்ணீர் அரையடி இறங்கியிருந்தது.
முழங்கால்வரை சேற்றோடு வந்து
சமையலறைத் தரையிலேயே படுத்தான்.
கரைக்கு எத்தனை மடங்கு வைத்துக் கட்டினார்கள் என்று கேட்டேன்.
"யாரு உடைச்சுப் பாத்தா?" கண்ணைத் திறக்காமல் சொன்னான்.
"உடைஞ்ச வருஷம்தான் கணக்கு.
அதுக்கு மேல ஒரு முழம் மண்ணு."

பிற்பகல் படங்கள் வந்தன.
கிழிந்த விலா, நார்நாராகப் பிரிந்த தோல்,
நடுவே சிவப்பு வட்டம் போட்டு என் தாங்கி.
ஒரு கீறல் இல்லை.
குழாய் எங்கேயோ போய்விட்டிருக்க
ஒன்றுமில்லாததை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவனை எழுப்பிக் காட்டினேன்.
"பரவால்லயே" என்று திரும்பிப் படுத்தான்.

திங்கட்கிழமை மின்னஞ்சல்:
உங்கள் தாங்கி தேவைக்கு மேல் வலுவாக இருக்கிறது.
இன்னும் இருபத்தைந்து கிராம் குறையுமா?