கையெழுத்து கேட்காத சொத்து

நிலத்துக்கு ஐந்து கையெழுத்து வேண்டும்.
நாலுதான் ஊரில் இருக்கிறது.
ஐந்தாவது, கடல் தாண்டி லாம்புங்கில்
மிளகுக் கொடிகளுக்கு நடுவே
பேருந்துக் காசு இல்லாமல் கிடக்கிறது.
கிராம அலுவலகப் பதிவேட்டில்
மாமனார் பெயரையே கரையான் பாதி தின்றாயிற்று.

வீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.
தேக்குத் தூண், தேக்கு உத்தரம்,
ஆணி அடிக்காத பொருத்து.
மரச்சுத்தியல் போதும் என்றான்
ஜோக்ஜாவிலிருந்து வந்தவன்.

ஒவ்வொரு மரத்திலும் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள்.
பதினேழில் செருகியிருந்த அரிவாளை
கஸிரான் கடைசி நிமிஷத்தில்தான் உருவினார்.
லாரி போனபிறகு தரை மட்டும்,
கழுவிக் கவிழ்க்காத தட்டுபோல.

இருட்டியதும் கோழிகள் வந்தன.
இல்லாத உத்தரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு
மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தன.
புது வண்டி. அதே உத்தரத்தின் காசு.

இப்போது தகரக் கொட்டகை.
மழை பேசினால் நாங்கள் பேச முடியாது.

செவ்வாய்தோறும் நகரத்துக் காபிக் கடைக்கு
டெம்பே கொண்டுபோகிறேன்.
பதினேழு அழியவில்லை.
அழிக்காதே, அழகாயிருக்கிறது என்றாராம் முதலாளி.
அதன் கீழே ஒரு காபி, எங்கள் அரைநாள் கூலி.
"பின்பக்கமா வாங்க" என்கிறான் பையன்.
எனக்கா தெரியாது பின்பக்கம்?
எருமை கட்டிய இடம்.

நேற்று லாம்புங்கிலிருந்து கொழுந்தன் லெகிமின் பேசினான்.
அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.
"மேற்கால ஓடு ஒழுகுதா அண்ணி?"
கஸிரான் எழுந்து
வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.
"இல்லப்பா," என்றேன்,
"இப்பல்லாம் ஒழுகறதே இல்ல."